ரெம்பிராண்ட் வரைந்த ஷாஜஹான்

உயர்தரச் சித்திரப் பாடத்தில் முகலாய ஓவியத்தையும் ரெம்பிராண்டையும் தனித்தனியே படிக்கிறோம். இரண்டும் ஒரே தாளில் சந்தித்ததும் உண்டு.

ஒல்லாந்தரின் கீழைத்தேய வணிகத்தால் முகலாயச் சிற்றோவியங்கள் ஆம்ஸ்டர்டாமை அடைந்தன. 1656இல் கடனில் மூழ்கிய ரெம்பிராண்ட், அதையடுத்த சில ஆண்டுகளில் அவற்றைப் பார்த்து இருபதுக்கு மேற்பட்ட படங்களை வரைந்தார். இந்தியாவை அவர் கண்டதேயில்லை!

அவற்றுள் ஒன்றில் ஷாஜஹான் தனியே நிற்கிறார். பொன்னும் வண்ணமும் போய்விட்டன. எஞ்சியவை கபில நிற மைக்கோடுகளும் மெல்லிய மைப்பூச்சும் தாளும்தான். மைப் பேனையை அழுத்தினால் கோடு தடிக்கும், வேகமாக ஓட்டினால் மெலியும். அழிறப்பருக்கு அங்கே வேலையில்லை. கை தயங்கினால் அதுவும் தெரிந்துவிடும்.

இதைப் பழக எங்கள் ஹட்டன் மலைகளைவிட நல்ல இடம் இல்லை என்பேன். பனிமூட்டத்தில் தனியே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணைப் பாருங்கள். தலையை இழுக்கும் கூடைக் கயிறு, குனிந்த கழுத்து, இடுப்பில் சுற்றிய படங்கு. மிச்சமெல்லாம் வெள்ளை; தாளை அப்படியே விட்டுவிடலாம். தேயிலைப் பெட்டிகளில் சிரிக்கும் பெண்ணுக்கு அந்தக் கயிறு பாரமாகவே இருப்பதில்லை. நீங்கள் வரையும்போது முகத்தை விட்டு, கழுத்திலிருந்து தொடங்குங்கள். பாரம் தெரிவது அங்கேதான்.