வரி அறிவிப்பும் காலவரம்பும்

அரசாங்கத்திற்கு வரி கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமைக்குக் கால எல்லையும் உண்டு. எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் பழைய கணக்கைக் கிளறலாம் என்றால் குடிமக்கள் நிம்மதியாக வாழ இயலாது. இவ்வுண்மையை இந்தியக் கலால் வரி வழக்கொன்றின் வாயிலாக நாம் அறிந்துகொள்வோம்.

நாட்டில் உற்பத்தியாகும் பொருள்மீது விதிக்கப்படுவதே கலால் வரி. 2017 ஜூலை முதல் தேதி இந்தியாவில் பொருள் சேவை வரி வந்தபின், புகையிலை, பெட்ரோலியம் போன்ற சிலவற்றிற்கே இவ்வரி நீடிக்கிறது. செலுத்தப்படாத வரியைக் கேட்டு அறிவிப்பு அனுப்ப 1944-ஆம் ஆண்டு மத்திய கலால் சட்டம் இருவகை வரம்புகளை வகுத்துள்ளது. முன்பு ஆறு மாதமாக இருந்த சாதாரண வரம்பு, 2000-இல் ஓராண்டாகவும் 2016-இல் ஈராண்டாகவும் நீட்டிக்கப்பட்டது. மோசடி செய்திருந்தாலோ, வரி ஏய்க்கும் நோக்குடன் உண்மையை மறைத்திருந்தாலோ ஐந்தாண்டு வரை பின்னோக்கிச் செல்லலாம்.

ஒரே விவகாரத்தில் முன்பே அறிவிப்பு அனுப்பிய அதிகாரிகள், இரண்டாம், மூன்றாம் அறிவிப்புகளிலும் ‘உண்மை மறைக்கப்பட்டது’ என்று கூறி ஐந்தாண்டு வரம்பைக் கையாளலாமா? நிஜாம் சர்க்கரை ஆலை வழக்கில் 2006-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ‘ஆகாது’ என்று தீர்ப்பளித்தது. முதல் அறிவிப்பின்போதே விவரங்கள் யாவும் அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தன என்பதே காரணமாகும்.

பால் நிறுக்கும் இடத்தில் எடையைத் தம் கையாலேயே பதிந்த கிராணியார், பல மாதங்கள் கழித்து, ‘எடையை என்னிடம் மறைத்துவிட்டாய்’ என்று தொழிலாளியைக் குற்றஞ்சாட்டினால் நாம் ஏற்போமா? தீர்ப்பின் நியாயமும் அதுவே.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இக்கோட்பாடு வரியையே நீக்கிவிடாது. சாதாரண வரம்புக்கு உட்பட்ட காலத்திற்கு, அடுத்தடுத்த அறிவிப்புகளிலும் வரி கேட்கலாம்.

மலேசியாவில் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இத்தகைய வரம்பை உடையது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தாண்டுகளுக்குள் கூடுதல் வரி கேட்கலாம். மோசடியோ கவனக்குறைவோ இருப்பின் அவ்வரம்பு பொருந்தாது. மதிப்பீட்டை ஏற்காதவர் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

ஆகவே, அரசாங்கக் கடிதம் எதுவாயினும் அது வந்த தேதியைக் குறித்து வையுங்கள். அனுப்பும் பதிலுக்கு நகல் வையுங்கள். வருமானச் சான்றுகளை ஏழாண்டுகள் பாதுகாத்து வையுங்கள். எதையும் மறைக்கவில்லை என்பதற்கு நம் கையில் உள்ள காகிதமே சாட்சியாகும்.