கழுத்து வலியா? சலூனில் சொடுக்கு எடுக்காதீங்க!

முடி வெட்டி முடிச்சதும் சலூன்காரர் தலையைப் பிடிச்சு 'டக்'குனு ஒரு திருப்பு திருப்புவார். சுகமாத்தான் இருக்கும். ஆனால் கழுத்தெலும்புகளின் வழியாகத்தான் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் மேலே ஏறுகின்றன. திடீர்னு முறுக்கும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம்கூட வரலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

வலிக்குக் காரணம் பெரும்பாலும் நம்ம கையிலேயே இருக்கு. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. போனைப் பார்க்கக் குனியக் குனிய, கழுத்துத் தசை தாங்கும் சுமை பல மடங்காகிறது.

கையால் செய்யும் சிகிச்சைதான் வேணும்னா, சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருக்கிறது. 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. வெறும் எண்ணெய்த் தேய்ப்புன்னு நினைக்க வேண்டாம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல் என 9 வகை. எது உங்களுக்கு ஆகும், எது ஆகாதுன்னு மருத்துவர்தான் பரிசோதித்துச் சொல்லணும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சிகிச்சை உண்டு. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால், வலியோடு காய்ச்சலும் இருந்தால் தொக்கணத்துக்குப் போகாதீங்க. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்க.

தொக்கணத்துக்குப் போகும்போது பழைய சட்டையே போதும். எண்ணெய்க் கறை லேசில் போகாது!