வேலையில்லாத நாளில் புருஷனும் மனைவியும்

நம் திருவெறும்பூரில் 1965-இல் பெல் கொதிகலன் ஆலை ஏற்பட்டது. அதை நம்பித் துவாக்குடிப் பக்கம் நூற்றுக்கணக்கான பட்டறைகள் எழுந்தன. 2010-களில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறையவே, பல பட்டறைகளில் வெல்டிங் வேலை நின்றது. கூலி போனால் கடன் வரும் என்பதை யாரும் அறிவர். கையில் மீந்த பொழுதும் ஒரு பாரம்தான். அதைப்பற்றிப் பேசுவார் இல்லை.

இதை ஆஸ்திரியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். மரியந்தால் என்னும் ஊரில் 1930 வாக்கில் நெசவாலை மூடப்பட்டது. மரீ யஹோதா முதலியோர் அங்கே கண்டதை 1933-இல் நூலாக வெளியிட்டனர். ஓய்வு பெருகியும், நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிற்று. தெருவில் ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். பெண்களோ விரைந்து நடந்தார்கள். ஏன்? அடுப்பும் துணியும் பிள்ளைகளும் அவர்களுக்கு விடுமுறை தரவில்லை! புருஷன் வீட்டிலிருப்பதால் மனைவியின் பாடு குறைந்துவிடாது. (சில வீடுகளில் நடுப்பகல் காப்பி ஒன்று கூடுகிறது.)

அவ்வூரார் வறுமையிலும், கிழங்கு விளையக்கூடிய நிலத்தில் கொஞ்சம் பூச்செடி வளர்த்தார்கள். வீண்செலவு என்பீர்களா? நான் சொல்லமாட்டேன். மனைவி ஒரு முழம் மல்லிகை வாங்கினால், புருஷரே, கணக்குக் கேளாதிருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போக இதற்குமுன் உங்களுக்கு நேரம் கிடைத்ததுண்டா? திரும்பி வந்ததும் குடத்தை எடுங்கள். குழாயடியில் வெட்கப்பட ஒன்றுமில்லை.