கதிரவன் எழாத மாதங்கள்

செஞ்சியில் வாழும் நமக்கு வெயில் குறைவென்பதே இல்லை. மார்கழியிலும் 11 மணி நேரத்திற்கு மேல் பகல் உண்டு. ஆனால் நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள ஹாமர்ஃபெஸ்ட் நகரில் நவம்பர் பிற்பகுதி முதல் சனவரி பிற்பகுதி வரை, ஏறத்தாழ இரண்டு மாதங்கள், கதிரவன் எழுவதே இல்லை.

காரணம் என்ன? பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது. டிசம்பர் 22-ஆம் நாளையொட்டிக் கதிரவன் மகரரேகைக்கு நேர்மேலே நிற்கும். அன்று நண்பகலில் அதன் உயரத்தை நாமே கணக்கிடலாம். 90-இலிருந்து ஊரின் அட்சரேகையையும் 23½-ஐயும் கழிக்க வேண்டும். செஞ்சி 12¼ பாகையில் உள்ளது, விடை 54¼. ஹாமர்ஃபெஸ்ட் சுமார் 70½ பாகையில் உள்ளது. விடை பூச்சியத்திற்கும் கீழே 4! அதாவது நண்பகலிலும் கதிரவன் தொடுவானத்திற்குக் கீழேயே இருக்கும்.

எனினும் நாள் முழுவதும் கும்மிருட்டு அன்று. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல நிற அந்தியொளி பரவும். வெண்பனி அதைப் பிரதிபலிக்கும். சில இரவுகளில் வடதுருவ ஒளி பச்சைத் திரைபோல் வானில் அசையும். அந்நகரம் 1891-இலேயே மின்சாரத் தெருவிளக்குகளைப் பெற்றுவிட்டது.

இந்த இருளில் நம் தமிழரும் வாழ்ந்திருக்கின்றனர் என்பதை அறிவீர்களா? 1983-க்குப் பின் இலங்கைப் போரினால் புலம்பெயர்ந்தோர் பலர், ஹாமர்ஃபெஸ்ட் அமைந்துள்ள ஃபின்மார்க் பகுதியின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தனர். பனைமரத்தையும் வெயிலையும் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்! இருளில் வேலைக்குப் போய் இருளிலேயே வீடு திரும்பினர்.

ஒளி குறைந்தால் உடலின் கடிகாரம் தடுமாறும்; உறக்கம் கெடும்; மனம் சோரும். வெயிலின் உதவியால் தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும் கிடைக்காது. கருநிறத் தோலினருக்கு இக்குறை எளிதில் ஏற்படும். ஆகவே அங்குள்ளோர் மீன் எண்ணெய் உட்கொள்கின்றனர். குறித்த நேரத்தில் எழுகின்றனர். பிள்ளைகளும் பனியில் வெளியே விளையாடுகின்றனர். வண்டியோட்டிகளின் கண்ணில் படும்படி உடையில் ஒளிரும் பட்டை அணிகின்றனர். திருவருகைக் காலத்தில் சன்னல்தோறும் நட்சத்திர விளக்கு ஒளிர்கிறது.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். தைப்பொங்கல் கதிரவனுக்கு நன்றி கூறும் திருநாள். ஆனால் அன்று அந்நகரில் கதிரவன் முகம் காட்டாது! அங்கே பொங்கலிடும் தமிழர் காணாத கதிரவனுக்கே நன்றி கூற வேண்டும். பொங்கல் கழிந்து ஒரு வாரமளவில்தான் முதல் கதிர் தோன்றும். அந்நாளை வடநார்வே மக்கள் இனிப்பு ரொட்டி உண்டு கொண்டாடுகின்றனர்.

தோழியரே, நாள்தோறும் கேளாமலே கிடைக்கும் வெயிலை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. இருள் எவ்வளவு நீண்டாலும் அது முடியும் நாளைக் கணக்கிட்டுக் கூறலாம் என்கிறது பூகோளம். அந்நாள் வரை வேலையையும் விளையாட்டையும் விடாதிருப்பதே அவ்வூர் மக்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம்.