கோட்டைப் பார்த்து வாங்கு, மகளே

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய 11 டைல்ஸ் படங்களையும் இரண்டு நாளாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். “இதுல எது நல்லாயிருக்கு பெரியப்பா, ஒண்ணு சொல்லுங்க” என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்குத்தான் ஒரு வரியில் சொல்ல வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊர்ச் சுவர்களில் டைல்ஸ் ஒட்டியவன் நான். நம் தாத்தா வீட்டு மனையில் நீ கட்டும் வீட்டுக்குப் போனில் “மூணாவது படம்” என்று சொல்லிவிட்டு இருக்க மனசு கேட்கவில்லை.

பைப் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள். அது பெரிய நிம்மதி. எல்லாரும் பைப்பும் பூச்சும் முடிந்த பிறகுதான் டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். அப்போது குழாய் முனை ஒரு டைலின் ஓரத்தில் முக்கால், பக்கத்து டைலில் கால் என்று விழும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டிசைனாக இருந்தாலும் அந்த ஓட்டையைச் சுற்றி வெட்டிய இடம்தான் தினமும் கண்ணில் படும். டைலின் அளவை முதலில் முடிவு செய். குழாய் முனை டைலின் நடுவிலோ ஜாயிண்டிலோ வரும்படி சுவரில் நூல் பிடித்துக் குறித்த பிறகு பிளம்பர் வரட்டும்.

இனி படங்களுக்கு வருகிறேன். நீ பூவையும் நிறத்தையும் பார்க்கிறாய். நான் கோட்டைப் பார்க்கிறேன். ஒரு டைலுக்கும் அடுத்த டைலுக்கும் நடுவே ஓடுகிற ஜாயிண்ட் கோடுதான் சுவரில் நிஜமாக வரைகிற டிசைன். அழுக்குச் சேர்வதும், உப்பு பூப்பதும், முதலில் வயசாவதும் அதுதான்.

ஐந்தாவது படத்தை எடுத்துக்கொள். 3-க்கு 6 சின்ன வெள்ளை டைல், செங்கல் கட்டு மாதிரி பாதி தள்ளி ஒட்டியது. ‘சப்வே’ என்று கீழே எழுதியிருக்கிறாய். 1904-இல் நியூயார்க்கில் சுரங்க ரயில் ஓட ஆரம்பித்தபோது நிலையச் சுவர்களுக்கு வைத்த டைல் அது. தரைக்கு அடியில் வெளிச்சம் கூட்டவும், துடைக்க லேசாக இருக்கவும் பளபளக்கும் வெள்ளையை வைத்தார்கள். நல்ல காரணம்தான். ஆனால் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் அடுப்பு கிடையாது, மஞ்சள் கிடையாது, மீன் அலசிய தண்ணீர் தெறிப்பதும் கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன் சமையல் மேடைக்கு மேலே சுவர் 10 அடி நீளம், 2 அடி உயரம். 12-க்கு 24 அங்குல டைலைப் படுக்கையாக ஒட்டினால் 10 டைல் போதும். நடுவில் வரும் ஜாயிண்டை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அளந்தால் 18 அடி. அதே சுவரில் 3-க்கு 6 ஒட்டினால் 160 டைல். ஜாயிண்ட் மட்டும் 108 அடிக்குக் குறையாது. கடுகு பொரிந்து, எண்ணெய் தெறித்து, ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு அந்த 108 அடியையும் துடைக்கப்போவது நீயோ உன் அம்மாவோதான். மீன் முள்ளு மாதிரிச் சாய்த்து ஒட்டும் ஒன்பதாவது படத்துக்கும் இதே கணக்கு. அதில் ஓரம் முழுக்க முக்கோணமாக வெட்டி நிரப்ப வேண்டும் என்பதால் வீணாவதும் கூலியும் அதிகம். ஆசைப்பட்டால் அதை வாசல் பக்கம் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு பட்டையாக வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்குப் பின்னால் வேண்டாம்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. நம் தெருப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் சுவரில் வெள்ளைப் புள்ளி நிற்கும். நீ கேட்ட கருநீலப் பளபளப்பு டைல் கடையில் கண்ணைப் பறிக்கும். நம் குளியலறையில் ஒரே மாதத்தில் அது சாம்பல் பூத்துவிடும். பிறகு யாராவது ஆசிட் வாங்கி ஊற்றச் சொல்வார்கள். ஊற்றினால் உப்போடு சேர்ந்து ஜாயிண்டில் இருக்கிற சிமெண்டும் கரையும், அந்த வழியாகத் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். அதனால் குளியலறைச் சுவருக்கு வெளிர் நிறமும் பளபளப்பும் சேர்ந்ததாகப் பார். தந்த நிறம், இளஞ்சாம்பல், மணல் நிறம், இவை உப்புக் கறையைக் காட்டிக்கொடுக்காது. சொரசொரவென்று மேடும் பள்ளமுமாக இருக்கிற எலிவேஷன் டைலை வீட்டுக்குள் எங்குமே வைக்காதே. பள்ளத்தில் படிந்த சோப்பு வெளியே வராது.

பூச்சுக்கும் டைல்ஸ் ஒட்டுவதற்கும் போர் தண்ணீரைக் கலக்க விடாதே. வல்லநாட்டிலிருந்து வருகிற தாமிரபரணித் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதைக் கொடு. கலவையில் போன உப்பு அங்கேயே இருக்காது, ஜாயிண்ட் வழியாக வெளியே வந்து பூக்கும். அடுப்படியில் மட்டுமாவது ஒயிட் சிமெண்டுக்குப் பதிலாக எபாக்ஸி நிரப்பு. விலை பல மடங்குதான். ஆனால் அது மஞ்சளைக் குடிக்காது. நிறம் டைலைவிட ஒரு சாயல் கருப்பாக இருக்கட்டும்.

இப்போது நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். தாத்தா காலத்துக் கிழக்குச் சுவரை இடிக்காமல் அடுப்படிச் சுவராக வைத்துக்கொள்ளப் போவதாகவும், அதன் மேல் கூரை வரை டைல்ஸ் ஒட்டப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். சுவரை வைத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், மகளே. டைல்ஸ் மட்டும் வேண்டாம்.

அது செங்கல் சுவர் இல்லை. கடலுக்குள்ளிருந்து வெட்டிக்கொண்டு வந்த பவளப்பாறைக் கல்லும், சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பும். இந்த ஊரின் பழைய வீடுகள் பல அப்படிக் கட்டியவைதான். அந்தக் கல்லுக்குள் ஊசி முனை அளவில் ஆயிரம் ஓட்டை. தரையிலிருந்து ஓதம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் நனைவதும் கோடையில் காய்வதுமாக இத்தனை வருஷம் அது நின்றது அப்படித்தான்.

வேலையில் நல்ல பேர் எடுத்திருந்த காலத்தில், கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் இதே மாதிரிக் கல் சுவருக்குச் சிமெண்ட் பூசி, அடுப்படி முழுவதும் தரையிலிருந்து கூரை வரை டைல்ஸ் ஒட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை பிசகு இல்லை. இரண்டாவது ஐப்பசி மழையில் தட்டிப் பார்த்தபோது உள்ளே வெற்றுச் சத்தம் கேட்டது. மூன்றாவது மழையில் ஒரு ராத்திரி பாதிச் சுவர் பூச்சோடு சேர்ந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து அடுப்பு மேடையில் விழுந்தது. ராத்திரி ஆனதால் அங்கே யாரும் இல்லை. ஓதம் போகிற வழியை நான் அடைத்திருந்தேன். அது கொண்டுவந்த உப்பு பூச்சை உள்ளிருந்தே தள்ளியிருக்கிறது. காலையில் போய் நின்றபோது அந்த வீட்டு அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இன்னும் என் மனசில் கிடக்கிறது.

அதனால் கிழக்குச் சுவருக்குப் பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்பே பூசு. அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடிக்காதே. அடுப்பையும் தொட்டியையும் புதிதாகக் கட்டும் தெற்குச் சுவருக்கு மாற்று. சமைக்கும்போது நீ இடது பக்கம் திரும்பினால் தாத்தா சுவர் வெறும் வெள்ளையாக நிற்கும். அந்தக் கல்லை இனி யாரும் கடலிலிருந்து எடுக்க முடியாது. 2001-இல் பவளத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். கல் எடுத்து எடுத்து நம் கடலில் விலங்குசல்லித் தீவே தண்ணீருக்குள் போய்விட்டது. நம் சுவரில் இருப்பது அப்படி ஒரு கல் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

காரைக்குடியில் பார்த்த ஆத்தங்குடி டைல்ஸைக் குளியலறைச் சுவரில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதன் மேல் கொள்ளை ஆசை. கண்ணாடித் தட்டில் இரும்புச் சட்டம் வைத்து, ஒவ்வொரு நிறத்தையும் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சூளையில் சுடுவது இல்லை. நாள்பட நாள்பட மனிதர் கால் பட்டும் துடைப்பு பட்டும் மெருகு ஏறுகிற பொருள் அது. சோப்புத் தண்ணீரும் நம் போர் தண்ணீரும் தினமும் பட்டால் நிறம் வெளுக்கும், வெள்ளை பூக்கும். சாமி அறையிலோ முன் கூடத்திலோ தரைக்குப் போடு, பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் ஜப்பானிலிருந்து வந்த பூ டைல்ஸை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்று கவனித்தாயா? வளவைச் சுற்றி, இடுப்பு உயரத்துக்கு, தண்ணீர் படாத சுவரில். அதற்கு மேலே வெறும் வெள்ளைப் பூச்சு. பூ எடுபடுவது அந்த வெறுமையால்தான். கடையில் டார்க், லைட், ஹைலைட்டர் என்று மூன்றையும் ஒரு செட்டாகக் காட்டி, வாழைப்பழமும் காப்பிக் கோப்பையும் அச்சடித்த டைலை நடுநடுவே வைக்கச் சொல்வார்கள். பிடிவாதமாக வேண்டாம் என்று சொல்லிவிடு.

நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் குஜராத் மோர்பியில் செய்தது. லாரியிலும் வரும், கண்டெய்னரில் கப்பலேறி நம் துறைமுகத்துக்கும் வரும். இப்போது டிசைன் எல்லாம் இயந்திரம் அச்சடிப்பது. மார்பிள் மாதிரி நரம்பு ஓடுகிற டைலில் ஒரு டிசைனுக்குச் சில முகங்கள்தான் இருக்கும். கவனிக்காமல் ஒட்டினால் ஒரே நரம்பு பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். கொச்சியில் மட்டாஞ்சேரி யூதப் பள்ளிக்குக் கல்லூரிச் சுற்றுலா போனாயே, அங்கே தரையில் இருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன டைல்ஸ் 1762-இல் போட்டது. கையால் வரைந்தது, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அந்த அழகு அச்சில் வராது. ஆனால் ‘எத்தனை முகம்?’ என்று கடையில் கேள். ஒட்டும் முன் ஒரு சுவருக்கு உள்ளதைத் தரையில் பரப்பி மாற்றி மாற்றி அடுக்கிப் பார். பெட்டியில் போட்டிருக்கும் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கணக்குக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட வாங்கு. மிஞ்சும் பெட்டியைப் பரணில் வை, நாளைக்கு ஒரு பைப் உடைந்தால் தேவைப்படும்.

கடை விளக்கில் நிறத்தை முடிவு செய்யாதே. உன் தாத்தா 1961-இல் நடந்த கடைசி முத்துக்குளிப்புக்குக் கடலுக்குப் போனவர். முத்தின் நிறத்தைக் காலை வெளிச்சத்தில் பார்த்துத்தான் பேசுவார்கள் என்பார். இரண்டு சாம்பிள் கேட்டு வாங்கி வந்து, அந்தந்த அறையில் சுவரில் சாய்த்து வைத்து, காலையில் ஒரு தடவையும் விளக்குப் போட்ட பிறகு ஒரு தடவையும் பார். அப்படியே டைலின் முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விடு. உறிஞ்சினால் சுவருக்கான செராமிக், ஊறவைத்து ஒட்டலாம். அப்படியே நின்றால் விட்ரிஃபைடு, அதைச் சிமெண்டில் ஒட்டினால் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசையில்தான் ஒட்ட வேண்டும்.

குளியலறையில் கதவுக்கு எதிர்ச் சுவர் 5 அடி. 24 அங்குல டைலை ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் இரண்டு முழு டைலும் ஒரு பாதியும் வரும். நடுவில் ஒரு முழு டைல், இரண்டு பக்கமும் 18 அங்குலம் என்று வைத்தால் வரிசைக்கு மூன்று டைல் ஆகும். 7 அடி உயரத்துக்கு 7 வரிசை, ஆக 18 இருந்தால் போதும் என்பது 21 ஆகும். அந்த மூன்று டைலைப் பார்க்காதே. நுழைந்ததும் கண் போகிற சுவர் அது ஒன்றுதான். மற்ற மூன்று சுவரிலும் பாதி டைலை மூலைக்குத் தள்ளு. நீளமான டைலைப் பாதி தள்ளி ஒட்டாதே. அதன் நடு கொஞ்சம் வளைந்திருக்கும், பக்கத்து டைலின் முனையோடு மட்டம் சேராது. நேர் அடுக்காகவே ஒட்டச் சொல்.

தரைக்கு 12-க்கு 12, மேட் பினிஷ், வழுக்காதது. அங்கே மட்டும் ஜாயிண்ட் கூட இருப்பது நல்லது, காலுக்குப் பிடி கிடைக்கும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதை மறக்காதே. 4 அடிக்கு முக்கால் அங்குலம் வாட்டம் விடு. 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், ஊரெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. பிறகு பார்க்கப் போன இடங்களில் டைலின் நாலு மூலைக்கும் நடுவுக்கும் மட்டும் கலவை வைத்து ஒட்டிய சுவர்கள்தான் முதலில் விட்டிருந்தன. முதுகு முழுக்கக் கலவை பரப்பி ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார். மேஸ்திரி முகம் சுளித்தாலும் நில்.

உன் படங்களில் எனக்குப் பிடித்தது ஏழாவது, அந்த மணல் நிறம். வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு சுவரின் அளவையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு, ஜன்னல் எங்கே, சுவிட்ச் எங்கே என்று குறித்து. நான் டைல் டைலாக வரைந்து தருகிறேன். ஒட்டும் முதல் நாள் அங்கே வந்துவிடுவேன். என் மூலைமட்டத்தையும் தூக்குக்குண்டையும் எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா