நீங்கள் எந்தச் சிறுபான்மை? காஞ்சிபுரம் தறித்தெருவிலிருந்து ஒரு பாடம்

கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை செல்போனில் திறந்தால் ஒரு கேள்வி வரும்: சிறுபான்மையினரா? ஆம் அல்லது இல்லை, இரண்டே பதில்தான். சுலபமான கேள்வின்னு நினைப்பீங்க. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பதில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும்.

பட்டு நெசவுத் தெருக்களில் தமிழ் பேசும் வீடுகளுக்கு நடுவே தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஊரை ஒட்டியுள்ள திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சி என்று பெயர் பெற்ற சமணத் தலம். உருது பேசும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், தமிழே தாய்மொழியான முஸ்லிம்களும் இருக்கிறார்கள், கிறித்தவர்களும் இருக்கிறார்கள். இதில் யார் சிறுபான்மை? பலரும்தான். ஆனால் எல்லாரும் ஒரே வகைச் சிறுபான்மை இல்லை. இங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது, சில நேரம் ஒரு பிள்ளையின் ஒரு வருட உதவித்தொகையே போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையாக இருப்பவர்கள் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 30வது பிரிவு. தனி மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ளவர்கள் அதைக் காத்துக்கொள்ளும் உரிமையை 29வது பிரிவு தருகிறது. யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை அளவாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2002ல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. அதனால்தான் ஆந்திராவில் பெரும்பான்மையான தெலுங்கு பேசுவோர் தமிழ்நாட்டில் மொழிச் சிறுபான்மை.

மதச் சிறுபான்மைக்குத் தனிப் பட்டியல் உண்டு. 1992ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின் கீழ் 1993ல் முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி என ஐந்து சமூகங்கள் அறிவிக்கப்பட்டன. சமணர்கள் 2014ல்தான் சேர்ந்தார்கள்.

இப்போது நான்கு மாணவர்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். தமிழ் பேசும் சமண மாணவர் மதத்தால் சிறுபான்மை, மொழியால் இல்லை. சௌராஷ்டிரம் பேசும் நெசவாளர் மகள் மொழியால் சிறுபான்மை, மதத்தால் இல்லை. உருது பேசும் முஸ்லிம் மாணவி இரண்டாலும். தமிழ் முஸ்லிம் மாணவர் மதத்தால் மட்டும்.

சிறுபான்மையினர் பெயரில் வரும் உதவித்தொகையும் டாம்கோ கடனும் மதச் சிறுபான்மையினருக்கு உரியவை. விண்ணப்பம் கேட்பதும் அதைத்தான். சௌராஷ்டிர வீட்டுப் பெண், "நாமும் சிறுபான்மைதானே" என்று நம்பி அந்தப் பெட்டியில் டிக் போட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். நம்பியதில் தப்பில்லை, அவள் சிறுபான்மைதான். ஆனால் அவளுக்கான உதவித்தொகை வேறு கதவில் இருக்கிறது. சௌராஷ்டிரர், தேவாங்கர், பத்மசாலியர் எல்லாருமே மாநிலப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்த உதவித்தொகைக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தவறு தெரியவரும்போது கடைசித் தேதி தாண்டியிருந்தால் அந்த வருடம் போச்சு.

முஸ்லிம் மாணவர்களுக்கு இன்னொரு கவனம் தேவை. 2007 சட்டப்படி பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்குத் தனியாக 3.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதில் ஏழு பிரிவுகள்: அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். இந்த ஏழில் இல்லாதவரும் மதச் சிறுபான்மைதான், ஆனால் 3.5 சதவீதத்தில் வரமாட்டார். கல்லூரி சேர்க்கை நேரத்தில் சாதிச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டு விழிக்காமல், பிள்ளை 10ஆம் வகுப்பில் இருக்கும்போதே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதையெல்லாம் தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? நேர்மையாகச் சொன்னால், இந்தத் துறையில் வேலைக்கு வருவதற்கு முன்னால் எனக்கே தெரியாது. இங்கேதான் சமூக அமைப்புகள் வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1895ல் அமைந்த மதுரை சௌராஷ்டிர சபையைப் பாருங்கள். நெசவும் வணிகமும் செய்துவந்த அந்தச் சமூகம் பள்ளிகளை நடத்தியது, 1967ல் சௌராஷ்டிரக் கல்லூரியும் வந்தது. வாணியம்பாடியில் தோல் வணிகர்கள் நிறைந்த முஸ்லிம் சமூகம் 1919லேயே இஸ்லாமியா கல்லூரியைத் தொடங்கிவிட்டது. நிதி திரட்டி, இடம் வாங்கி, கட்டடம் எழுப்பியது எல்லாம் ஊர்க்காரர்கள்தான். அந்த வகுப்பறைகளில் மற்ற சமூகப் பிள்ளைகளும் படித்தார்கள், இன்றும் படிக்கிறார்கள்.

காஞ்சிபுரத்தின் கதை வேறு. இங்கே பிரச்சினை, பிள்ளை பள்ளிக்கே போகாமல் தறிக்குப் போனது. தறி முதலாளியிடம் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் நாள் முழுக்க நெய்த காலம் அதிகத் தூரத்தில் இல்லை. அப்படி முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப்போடுவது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பட்டுத்தறிகளில் இருந்த குழந்தைத் தொழிலாளர்களை மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் நோக்கத்தோடுதான் ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு 2002ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் மட்டும் போதாது, அந்த வீட்டின் வருமானத்துக்கும் வழி வேண்டும் என்று அம்மாக்களைச் சுய உதவிக் குழுக்களில் சேர்த்தார்கள். எந்த மொழி, எந்த மதம் என்று பார்த்துச் செய்த வேலை இல்லை அது. ஆனால் தெருவுக்குத் தெரு மொழி மாறும் ஊரில், வீட்டு வாசலில் நின்று அவர்கள் மொழியில் பேச உள்ளூர் ஆள் ஒருவர் இருந்தால் கதவு சீக்கிரம் திறக்கும்.

இன்று சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்த வீட்டுத் தொழில் ஆபத்தானதாகச் சட்டம் பட்டியலிட்ட தொழிலாக இல்லாவிட்டால் மட்டும், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் அதில் உதவலாம். மீறல் கண்ணில் பட்டால் 1098ஐ அழையுங்கள்.

சரி, உங்கள் தெருச் சங்கமோ ஜமாஅத்தோ சபையோ இப்போது என்ன செய்யலாம்? கல்லூரி கட்ட வேண்டாம். ஜூன், ஜூலை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை, ஒரு செல்போன், விவரம் தெரிந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெயர். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, வங்கியில் ஒன்று என்றிருந்தால் பணம் பாதி வழியில் நிற்கும். இன்ஷியலை விரித்து எழுதுவதிலும் இதே தொல்லைதான். அடுத்தது வங்கிக் கணக்கு. உதவித்தொகை ஆதார் வழியாக வந்தால், கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அதில்தான் விழும், நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் கணக்கில் அல்ல. "பணம் வரலை" என்பவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், அதையும் இ-சேவையில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மத்திய அரசின் சிறுபான்மையினர் உதவித்தொகை 2022-23 முதல் கிடையாது. அதற்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மேல் வகுப்புகளுக்கு அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.

கணவரை இழந்த, கைவிடப்பட்ட முஸ்லிம் பெண்களுக்கு மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. ஊர் மக்கள் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசும் மானியம் தருகிறது. ஊர் திரட்டினால்தான் அந்த மானியம் வரும் என்பது பலருக்குத் தெரியாது. கிறித்தவ மகளிருக்கும் இதேபோன்ற சங்கம் உண்டு.

இன்னொன்று, இதற்கு மதமும் கேட்க மாட்டார்கள், மொழியும் கேட்க மாட்டார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் அடக்கம். சிறுபான்மை நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளில் உதவிபெறும் பள்ளிகள் பல இருப்பதால், உங்கள் பிள்ளை படித்தது அதில் வருமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர் இருக்கிறார். முதல்வரின் முகவரிக்கு 1100. மதத்தாலோ மொழியாலோ உரிமை மறுக்கப்பட்டதாக நினைத்தால் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு மனு அனுப்பலாம். மனுவோடு விண்ணப்ப எண்ணும், தள்ளுபடி ஆனதைக் காட்டும் செல்போன் திரையின் படமும் இருக்கட்டும். அந்தப் படத்தை எடுக்காமல் பக்கத்தை மூடிவிடாதீர்கள்.