தள்ளுபடியான மனு, நிலைபெற்ற நீதி

ஒரு வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது என்றால், "யாருக்கு வெற்றி?" என்பதே நாம் கேட்கும் முதற்கேள்வி. பந்தயத்தின் முடிவை அறிந்தவர்போல் அத்துடன் நாம் அமைந்துவிடுகிறோம். சட்டம் பயில்வோர் தீர்ப்பை அவ்வாறு படிப்பதில்லை. வழக்குத் தொடுத்தவர் யார், நடந்தது என்ன, எந்த விதியைப் பற்றிய வழக்கு, நீதிமன்றம் கூறிய காரணம் யாது, இறுதி ஆணை யாது என ஐந்து கேள்விகளை அவர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள். இவற்றுள் நான்காவதே உயிர்நாடி. இறுதி ஆணை அந்த வழக்கை முடித்து வைக்கிறது. காரணமோ பின்னால் வரும் வழக்குகளுக்கும் வழிகாட்டுகிறது. பெண்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு வழக்கைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

வழக்குத் தொடுத்தவர்

சி. பி. முத்தம்மா 1924ஆம் ஆண்டு குடகு நாட்டில், வீராஜ்பேட்டையில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் படிக்க வைத்து ஆளாக்கினார். மடிக்கேரியில் புனித சூசையப்பர் பெண்கள் பள்ளியிலும், பின்னர் சென்னையில் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1948இல் மத்திய அரசின் பணித் தேர்வில் வெற்றி பெற்று, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தேர்வெழுதி அப்பணிக்கு வந்த முதற் பெண்மணி அவரே. 1970இல் ஹங்கேரி நாட்டுக்கு இந்தியத் தூதராகவும் சென்றார்.

நடந்தது என்ன?

பணியில் சேரும்போதே, திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவதாக அவரிடம் உறுதிமொழி கேட்கப்பட்டது. ஆண்களிடம் அப்படி எவரும் கேட்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிய பின் அவருக்கு உரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டது. இளையவர்கள் அவரைத் தாண்டிச் சென்றனர். தாம் பெண் என்பதால் தமக்குப் பாகுபாடு காட்டப்படுகிறது என்று 1979இல் அவர் நேரே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்.

விதியும் வினாவும்

1961ஆம் ஆண்டின் பணி விதிகளில் இரண்டை அவர் சுட்டிக் காட்டினார். பெண் அதிகாரி மணம் செய்யுமுன் அரசின் அனுமதியை எழுத்து மூலம் பெறவேண்டும். குடும்பப் பொறுப்பு கடமைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது ஒரு விதி. மணமான பெண் எவரும் இப்பணியில் அமர்த்தப்படுவதை உரிமையாகக் கோர முடியாது என்றது மற்றொன்று. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு. அரசு வேலையில் சம வாய்ப்பை அளிக்கிறது 16ஆம் பிரிவு. இவற்றின் முன் அவ்விதிகள் நிற்குமா என்பதே வினா.

காரணம்

1979 செப்டம்பர் 17ஆம் நாள் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்புரைத்தார். நீதியரசர் பி. என். சிங்கால் உடன் அமர்ந்திருந்தார். குடும்பக் கவலை பெண்ணின் கடமைக்கு இடையூறாகுமெனில், ஆணின் கடமைக்கும் அது இடையூறாகக் கூடுமே என்று தீர்ப்புக் கேட்டது. மணமான ஆணுக்கு ஓர் உரிமை இருக்குமானால், மற்றவை சமமாயிருக்கையில், மணமான பெண்ணின் நிலை அதற்குத் தாழ்ந்ததாக இருக்க முடியாது என்றது. எல்லாத் தொழிலிலும் எந்த வேறுபாடும் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. வேறுபாட்டுக்கு உரிய தேவையை எடுத்துக்காட்ட முடிந்தாலன்றி, சமத்துவமே ஆளவேண்டும் என்றது.

இறுதி ஆணை

இங்கேதான் நாம் வியப்படைகிறோம். மனு தள்ளுபடியாயிற்று! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது. ஒரு விதி 1973லேயே நீக்கப்பட்டது என்றும், மற்றதும் நீக்கப்பட இருக்கிறது என்றும் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. எனினும், அவருடைய பணிமூப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. யாராவது வழக்குத் தொடுக்கட்டும் என்று காத்திராமல், எல்லாப் பணி விதிகளிலிருந்தும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் களைய வேண்டும் என்றும் அரசுக்கு எடுத்துரைத்தது. "யாருக்கு வெற்றி?" என்று மட்டும் கேட்டிருந்தால், முத்தம்மா தோற்றார் என்றன்றோ நாம் எண்ணியிருப்போம்!

இதனால் எல்லாக் கதவும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 1981இல் விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதற் கருவுற்றதும் வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆனால் பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்யக்கூடாது என்ற விதியை அதே தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. நீதியின் நடை சில வேளை ஓரடி முன்னும் ஓரடி தயங்கியும் செல்கிறது. ஆயினும், 2001இல் சொகிலா ஐயர் நாட்டின் முதற் பெண் வெளியுறவுச் செயலாளரானார். 2009இல் நிருபமா ராவ் அப்பதவியை ஏற்றார். அவ்வாண்டிலேதான் முத்தம்மா மறைந்தார்.

இனி நாளிதழில் ஒரு தீர்ப்பைப் பற்றிப் படிக்கும்போது, ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பார்ப்போம். பெண்களுக்கென்று ஒரு விதியைக் கண்டால், "பெண்" என்ற சொல் உள்ள இடத்தில் "ஆண்" என்று வைத்துப் படித்துப் பார்ப்போம். அப்போது அது நகைப்புக்கிடமாகத் தோன்றினால், அவ்விதிக்குக் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு. முத்தம்மா கேட்டதும் அந்தக் காரணத்தைத்தான்.